கோயிலும் பள்ளியும் நடத்தும் மும்பைத் தமிழ் அறக்கட்டளைகள்: ஆள் எடுப்பில் மதம் பார்த்தால் வரிச்சலுகை என்னவாகும்?

மும்பையில் தமிழர்கள் நடத்தும் அறக்கட்டளைகளில் பல, ஒரே பத்திரத்தின் கீழ் நான்கைந்து வேலைகளைச் செய்கின்றன. மாட்டுங்காவிலோ செம்பூரிலோ ஒரு கோயிலைக் கட்டியவர்கள் சில ஆண்டுகளில் அதன் பக்கத்திலேயே பாலர் பள்ளி தொடங்குகிறார்கள். பிறகு மருந்தகம், கல்யாண மண்டபம், கல்வி உதவித்தொகை என்று பணிகள் பெருகுகின்றன. ஆள் எடுக்கும் முறை மட்டும் கோயில் கட்டிய காலத்தில் இருந்தபடியே இருக்கிறது. பூஜை செய்பவரிடம் கேட்கும் தகுதியைக் கணக்கு எழுதுபவரிடமும், மருந்தகத்துச் செவிலியரிடமும் கேட்கிறார்கள். அப்படிக் கேட்பதால் அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரிவிலக்கு தரும் 12ஏபி பதிவும், நன்கொடையாளருக்கு வரிக் கழிவு தரும் 80ஜி அங்கீகாரமும் பறிபோகுமா என்ற கேள்வி செயற்குழுக் கூட்டங்களில் அடிக்கடி எழுகிறது. நேரடியாகப் பறிபோகாது, சுற்றி வந்து பறிபோக நாலைந்து வழிகள் உண்டு. அவற்றை முன்கூட்டியே அடைப்பது எப்படி என்பதைச் செயலாளர்களுக்கும் பொருளாளர்களுக்கும் பயன்படும் வகையில் கீழே எழுதியிருக்கிறேன்.

பிரிவு எண்களைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக வருமான வரிச் சட்டம், 2025 என்ற புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. அதில் எண்கள் மாறியுள்ளன. உங்கள் கோப்பில் இருக்கும் சான்றிதழ்களும், ஆடிட்டர் வாயில் வரும் எண்களும் பழைய சட்டத்தின் எண்களே என்பதால் இங்கும் அவற்றையே பயன்படுத்துகிறேன்.

சட்டம் எதைப் பார்க்கிறது

அமெரிக்காவில் இதே கேள்வி வேறு வடிவில் நீதிமன்றம் வரை போனது. கென்டக்கி மாநிலத்தில் நோவாவின் பேழையை மரத்தில் கட்டிக் காட்சிக்கு வைக்க முனைந்த ஒரு கிறிஸ்தவ அமைப்பு, சுற்றுலா வளர்ச்சிக்காக அம்மாநிலம் விற்பனை வரியைத் திருப்பித் தரும் சலுகையைக் கோரியது. ஊழியர்கள் தங்கள் மத நம்பிக்கையை எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும் என்று அந்த அமைப்பு கேட்பதை ஒரு காரணமாகக் காட்டி, 2014 டிசம்பரில் மாநில அரசு சலுகையை மறுத்தது. வழக்குத் தொடரப்பட்டு, மறுத்தது செல்லாது என்று 2016 ஜனவரியில் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே 1964ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் சட்டம் வேலையில் மதப் பாகுபாட்டைத் தடுக்கிறது. அதே சட்டம் மத அமைப்புகளுக்கு விலக்கும் தருகிறது. ஆகவே விவாதம் முழுவதும் ஆள் எடுப்பைச் சுற்றியே நடந்தது.

நம் நாட்டில் விவாதம் அங்கிருந்து தொடங்குவதில்லை. அரசியலமைப்பின் 15, 16ஆம் உறுப்புகள் வேலை விஷயத்தில் அரசைத்தான் கட்டுப்படுத்துகின்றன. தனியார் முதலாளி மதம் பார்த்து ஆள் எடுக்கக் கூடாது என்று பொதுவாகத் தடுக்கும் மத்தியச் சட்டம் இல்லை. வருமான வரிச் சட்டமும் உங்களிடம் வேலை பார்ப்பவர் யார் என்று கேட்பதில்லை. உங்கள் பணத்தால் பயன் பெறுபவர் யார் என்றுதான் கேட்கிறது. ஓர் அறக்கட்டளையின் ஊழியர்கள் அனைவரும் ஒரே மதத்தவராக இருந்து, அதன் மருந்தகத்தில் யார் வேண்டுமானாலும் மருந்து வாங்கலாம் என்றால், அந்த ஒரு காரணத்துக்காக வரிச்சலுகை போகாது. இதைத் தெரிந்துகொண்டு பலர் நிம்மதியாக உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆனால் ஆள் எடுப்பில் காட்டும் பாரபட்சம் பெரும்பாலும் தனியாக நிற்பதில்லை. பத்திரத்திலும், சம்பளக் கணக்கிலும், உறவினர் நியமனத்திலும் அதன் தடம் விழுந்திருக்கும். வருமான வரி அதிகாரி படிப்பது அந்தத் தடங்களைத்தான்.

பத்திரத்தை எடுத்துப் படியுங்கள்

அறக்கட்டளைப் பத்திரத்தின் நோக்கங்கள் பகுதியை முதலில் படிக்க வேண்டும். 1962 ஏப்ரல் 1க்குப் பிறகு தொடங்கப்பட்ட தரும அறக்கட்டளை ஒரு குறிப்பிட்ட மதச் சமூகத்தின் அல்லது சாதியின் நன்மைக்காக நிறுவப்பட்டிருந்தால், அதன் வருமானத்துக்கு விலக்கு கிடையாது என்பது 13(1)(பி) பிரிவு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கான அறக்கட்டளைகளை இந்தத் தடை தொடாது. அந்தத் தேதிக்கு முன்பே நிறுவப்பட்டவையும் இதிலிருந்து தப்பின. மும்பையின் பழைய சங்கங்கள் சில இந்த விலக்கைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. ஆனால் 80ஜி அங்கீகாரத்துக்கான நிபந்தனையில் அப்படி ஒரு தேதி இல்லை. குறிப்பிட்ட மதச் சமூகத்துக்கோ சாதிக்கோ என்று பத்திரத்தில் எழுதியிருந்தாலே போதும், அறக்கட்டளை எவ்வளவு பழையதாக இருந்தாலும் நன்கொடையாளருக்குக் கழிவு கிடைப்பதில் சிக்கல் வரும்.

மொழி அந்த நிபந்தனையில் இல்லை என்பதை நம்மவர்கள் கவனிக்க வேண்டும். ‘மும்பை வாழ் தமிழர்களின் கல்விக்காக’ என்று எழுதியிருப்பதும், ‘மும்பை வாழ் இன்ன சாதித் தமிழர்களின் கல்விக்காக’ என்று எழுதியிருப்பதும் வரிச் சட்டத்தின் பார்வையில் வெவ்வேறு. தமிழர் என்ற சொல்லுக்குள் தாராவியின் தமிழ் கிறிஸ்தவரும் தமிழ் முஸ்லிமும் அடக்கம். அவர்கள் விண்ணப்பித்தபோதெல்லாம் உதவித்தொகை மறுக்கப்பட்டிருந்தால், பத்திரத்தின் அழகான வாசகம் நெடுநாள் காப்பாற்றாது. 12ஏபி பதிவை ரத்து செய்யக் காரணமாகும் மீறல்களின் பட்டியலில், வருமானத்தின் ஒரு பகுதியைக் குறிப்பிட்ட மதச் சமூகத்துக்கோ சாதிக்கோ செலவிட்டதும் ஒன்று.

சமயமும் தருமமும் கலந்த அறக்கட்டளைகள் 2014இல் உச்ச நீதிமன்றம் தாவூதி போரா ஜமாத் வழக்கில் தந்த தீர்ப்பை ஆடிட்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நோக்கங்கள் ஒரு சமூகத்தோடு தொடர்புடையனவாகத் தோன்றினாலும், பயன் அந்தச் சமூகத்துக்கு மட்டுமே என்று அடைபடாதபோது 13(1)(பி) பொருந்தாது என்று அந்தத் தீர்ப்பு சொன்னது.

பத்திரத்தின் நோக்கங்களைத் திருத்த வேண்டியிருந்தால் முதலில் அறக்கட்டளைகளை மேற்பார்க்கும், வொர்லியில் உள்ள சாரிட்டி கமிஷனர் அலுவலக நடைமுறையை வழக்கறிஞர் மூலம் முடிக்க வேண்டும். திருத்திய நாளிலிருந்து 30 நாளுக்குள் வருமான வரித் துறைக்கும் விண்ணப்பிக்க வேண்டும். இந்த இரண்டாவது கெடுவைத் தவறவிடுபவர்கள்தான் அதிகம்.

வேலைகளை இரண்டாகப் பிரியுங்கள்

பத்திரம் சரியாக இருந்தால் அடுத்த வேலை, எல்லாப் பணியிடங்களையும் ஒரு தாளில் எழுதி, சமயப் பணி எது, பொதுப் பணி எது என்று பிரித்துச் செயற்குழுத் தீர்மானமாகவே பதிவது. அர்ச்சகர், ஓதுவார், பரிசாரகர், மடைப்பள்ளியில் நைவேத்தியம் செய்பவர் ஆகியோர் முதல் பட்டியலில் வருவார்கள். மேலாளர், கணக்கர், காவலர், துப்புரவுப் பணியாளர், ஆசிரியர், செவிலியர், மண்டபத்தின் மின் பணியாளர் ஆகியோர் இரண்டாவது பட்டியல். இடையில் விழுபவர்களும் இருப்பார்கள். கோயில் அலுவலகத்தில் அர்ச்சனைச் சீட்டு கிழிப்பவரைச் சிலர் சமயப் பணியில் சேர்க்க விரும்புவார்கள். சீட்டு கிழிக்க எந்தச் சமயப் பயிற்சியும் தேவையில்லை என்பதால், அவரைப் பொதுப் பணியில் வைப்பதே என் யோசனை.

முதல் பட்டியலிலும் பிறப்பைத் தகுதியாக எழுத வேண்டாம். திருவிதாங்கூர் தேவஸ்வம் தொடர்பான ஆதித்தயன் வழக்கில், பூஜை முறைகளில் முறையாகப் பயின்று தேர்ந்தவர் பிராமணர் அல்லாதவர் என்பதற்காக அர்ச்சகர் நியமனத்தை எதிர்க்க முடியாது என்று 2002இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கோயிலுக்கு உண்மையில் வேண்டியது ஆகமப் பயிற்சி, மந்திரப் பாடம், விரத ஒழுக்கம், நடை திறக்கும் நேரத்தில் தவறாமை ஆகியவைதாம். அவற்றையே எழுதலாம்.

சாதியைக் கேட்பது மதத்தைக் கேட்பதைவிட ஆபத்தானது. மதத்தைத் தடுக்கும் பொதுச் சட்டம் இல்லாவிட்டாலும், தீண்டாமையின் பேரில் ஒருவர் வேலை பார்ப்பதைத் தடுப்பது 1955ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். மாற்றுத்திறனாளிகள் (2016), எச்.ஐ.வி. தொற்றுடையோர் (2017), திருநர் (2019) ஆகியோருக்கும் தனித்தனிச் சட்டங்கள் உண்டு. அவை தனியார் நிறுவனங்களுக்கும் கடமைகளை விதிக்கின்றன.

விளம்பரம் எழுதும் விதம்

வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் ஒரு வகை விளம்பரத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்: ‘கோயில் டிரஸ்டுக்குச் சொந்தமான மண்டபத்துக்கு பிராமணச் சமையல்காரர் தேவை. தங்க இடம் உண்டு.’ இந்த இரண்டு வரியில் மூன்று சிக்கல்கள் இருக்கின்றன. மண்டபச் சமையல் சமயப் பணி அன்று. கேட்டிருப்பது சாதி. அந்தச் செய்தியின் ஸ்கிரீன்ஷாட் எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. இதையே ‘திருமணம், சஷ்டியப்தபூர்த்தி ஆகியவற்றுக்கு 300 பேருக்குச் சைவச் சமையல் செய்த அனுபவம் தேவை, வெங்காயம், பூண்டு சேர்க்காத பந்தியும் தனியே செய்யத் தெரிந்திருக்க வேண்டும், மண்டப வளாகத்துக்குள் அசைவம் சமைக்கவோ உண்ணவோ அனுமதி இல்லை’ என்று எழுதினால், வேலைக்கு வேண்டியது எல்லாம் வந்துவிடுகிறது, வேண்டாத ஒன்று மட்டும் போய்விடுகிறது. சமைக்க வரும் பாலக்காட்டு ஐயரும் திருநெல்வேலிப் பிள்ளையும் இதே சோற்றைத்தான் வடிக்கப் போகிறார்கள்.

விண்ணப்பப் படிவத்தில் மதம், சாதி, கோத்திரம், நட்சத்திரம் என்று கட்டங்கள் இருந்தால் நீக்கிவிடுங்கள். பழைய படிவத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே போவதால் அந்தக் கட்டங்கள் தலைமுறை தாண்டியும் நிற்கின்றன. நேர்காணலில் ‘உங்களுக்கு எந்த ஊர்?’ என்று தொடங்கி எங்கே போய் முடிப்பார்கள் என்பது தமிழர் அனைவருக்கும் தெரியும். மூன்று பேர் கொண்ட தேர்வுக் குழுவை அமைத்து, ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் அதே கேள்விகளைக் கேட்டு, மதிப்பெண் தாளில் கையெழுத்திட்டு வைத்தால் பின்னால் விளக்கம் தருவது எளிது.

சம்பளக் கணக்கும் 5 சதவீத வரம்பும்

ஆள் எடுப்பு வரிச்சலுகையை மிக நெருங்கி வந்து தொடுவது இங்கேதான். முழுக்க முழுக்கச் சமய நோக்கமுள்ள அறக்கட்டளைக்கு 12ஏபி பதிவு கிடைக்கலாம், 80ஜி கிடைக்காது. வரலாற்று அல்லது கலைச் சிறப்புக்காக அரசு அறிவித்த கோயில்களின் திருப்பணிக்கு மட்டும் தனி ஏற்பாடு உண்டு. 80ஜி பெற்ற தரும அறக்கட்டளை, ஓர் ஆண்டில் சமயச் செலவுகளுக்கு அந்த ஆண்டு மொத்த வருமானத்தில் 5 சதவீதத்துக்கு மேல் போகாதவரை அங்கீகாரத்தை இழப்பதில்லை என்கிறது 80ஜி(5பி). அர்ச்சகரின் சம்பளம் சமயச் செலவு என்று கொள்வதே பாதுகாப்பானது.

கற்பனையாக ஒரு கணக்கைப் பார்ப்போம். பள்ளியும் மருந்தகமும் நடத்தும் ஓர் அறக்கட்டளைக்கு ஆண்டு வருமானம் 80 லட்சம் ரூபாய். வளாகத்தில் சிறிய பிள்ளையார் கோயில் இருக்கிறது. 5 சதவீதம் என்றால் 4 லட்சம். அர்ச்சகருக்கு மாதம் 22,000 வீதம் ஆண்டுக்கு 2,64,000. பூ, எண்ணெய், நைவேத்தியப் பொருள்களுக்கு 1,10,000. மொத்தம் 3,74,000, வரம்புக்குள் இருக்கிறது. அடுத்த ஆண்டு வருமானம் அதே அளவில் நிற்க, வெள்ளிக்கிழமை நாதஸ்வரத்துக்கு மாதம் 3,000 என்று குழு தீர்மானித்தால் 36,000 கூடி 4,10,000 ஆகிறது. பத்தாயிரம் ரூபாய் தாண்டியதற்காக அறக்கட்டளையின் 80ஜியே கேள்விக்குள்ளாகும். சதுர்த்தி விழாவைச் சற்றுப் பெரிதாக நடத்தினாலும் இதே கதைதான்.

ஆகவே லெட்ஜரில் ‘சம்பளம்’ என்று ஒரே தலைப்பில் எல்லாவற்றையும் போட வேண்டாம். ‘சம்பளம் – சமயப் பணி’, ‘சம்பளம் – பள்ளி’, ‘சம்பளம் – மருந்தகம்’ என்று தனித்தனிக் கணக்குகள் தேவை. காலையில் பூஜை செய்துவிட்டுப் பகலில் பள்ளியில் சமஸ்கிருதம் கற்பிப்பவர் ஒருவர் இருந்தால், அவருக்கு இரண்டு நியமன ஆணைகள் கொடுத்து, இரண்டு தொகைகளையும் அவற்றில் எழுதுங்கள். மார்ச் மாதக் கடைசியில் ஆடிட்டர் கேட்ட பிறகு விகிதம் போடுவது அதிகாரி முன் நிற்காது. மொத்த வருமானம் என்பதை எப்படிக் கணக்கிடுவது என்பதில் வாதங்கள் உண்டு. எனவே சரியாக 4.9 சதவீதத்தில் நிற்பதைவிட 3 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது.

கோயில் வளர்ந்து செலவு ஆண்டுதோறும் வரம்பை நெருங்குகிறது என்றால் அதற்குத் தனி அறக்கட்டளையும் தனி பான் எண்ணும் தனி வங்கிக் கணக்கும் ஏற்படுத்தப் பரிந்துரைக்கிறேன். பெரியவர்கள் சிலர் ‘கோயிலைப் பிரிப்பதா’ என்று வருத்தப்படுவார்கள். பிரிவது கணக்கு மட்டுமே என்று எடுத்துச் சொல்ல வேண்டும். ஆனால் பிரித்த பிறகு ஓர் அறக்கட்டளையிலிருந்து மற்றதற்கு நன்கொடை கொடுத்துச் சமாளிக்க நினைக்க வேண்டாம். 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டத்துக்குப் பிறகு அப்படிக் கொடுக்கும் தொகையில் 85 சதவீதம்தான் செலவாக ஏற்கப்படுகிறது.

உறவினர் நியமனம்

நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று தொடங்கும் தேடல் நம் மதம், நம் சாதி என்று சுருங்கி, கடைசியில் அறங்காவலரின் மைத்துனரிடம் போய் நிற்பது வழக்கம். உறவினரை நியமிக்கக் கூடாது என்று வரிச் சட்டம் சொல்லவில்லை. வேலைக்கு ஏற்ற நியாயமான சம்பளத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. தாண்டினால் அந்தத் தொகைக்கு 30 சதவீத வரி. பக்கத்து அறக்கட்டளைகளில் அதே வேலைக்கு என்ன தருகிறார்கள் என்று விசாரித்து, அந்த விவரத்தைத் தீர்மானத்தோடு இணைத்து வையுங்கள். வாக்கெடுப்பின்போது சம்பந்தப்பட்ட அறங்காவலர் வெளியே இருந்தார் என்பதும் மினிட் புத்தகத்தில் பதிவாக வேண்டும்.

தமிழ்ப் பள்ளி நடத்துபவர்களுக்கு

சிறுபான்மை என்பதை மாநில அளவில் கணக்கிட வேண்டும் என்று டி.எம்.ஏ. பாய் வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அதன்படி மகாராஷ்டிரத்தில் தமிழர்கள் மொழிச் சிறுபான்மையினர். மகாராஷ்டிரத் தனியார் பள்ளி ஊழியர்கள் பணி நிபந்தனைச் சட்டம், 1977, சிறுபான்மைப் பள்ளியின் தலைமையாசிரியரையும், நிர்வாகம் பெயர் குறித்து கல்வி இயக்குநருக்கு அறிவிக்கும் மேலும் மூன்று பேர் வரையிலும், அவர்களைத் தேர்ந்தெடுக்கும் விஷயத்தில் தன் வரம்பிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. இந்தச் சலுகையைச் சில நிர்வாகங்கள் எல்லா ஆசிரியர்களுக்கும் பொருந்துவதாக நினைத்துக்கொள்கின்றன. அப்படி அல்ல. மேலும், நீங்கள் பெற்றிருப்பது மொழிச் சிறுபான்மைத் தகுதி. தமிழ் நன்கு தெரிந்த தலைமையாசிரியரைத் தேடுவதற்கு அது துணை நிற்கும். தகுதியுள்ள தமிழ் கிறிஸ்தவரை ஒதுக்குவதற்கு அது காரணமாகாது. அரசு உதவி பெறும் பள்ளி என்றால், மாணவர் சேர்க்கையில் மதம், இனம், சாதி, மொழி ஆகியவற்றை மட்டும் காரணமாக வைத்து எவரையும் மறுக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 29(2) உறுப்பு சொல்வதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மாநகராட்சியும் சிஎஸ்ஆரும்

வருமான வரியோடு விஷயம் முடிவதில்லை. மும்பை மாநகராட்சிச் சட்டம், 1888இன் 143ஆம் பிரிவு, பொது வழிபாட்டுக்கோ தருமப் பணிக்கோ மட்டுமே பயன்படும் கட்டடங்களுக்குப் பொது வரியிலிருந்து விலக்கு தருகிறது. மண்டபத்தை ‘நம்மவர்களுக்கு மட்டும்’ என்று வாடகைக்கு விடும் அறக்கட்டளை, பொதுத் தருமம் என்று வாதிடும் தன் நிலையைத் தானே பலவீனப்படுத்திக்கொள்கிறது. நிறுவனங்களின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) நிதியைப் பெறும் அறக்கட்டளைக்கு 12ஏபி பதிவு, 80ஜி இரண்டும் இருக்க வேண்டும். பணம் தரும் முன்பு பெரிய நிறுவனங்கள் ஆள் எடுப்புக் கொள்கையை எழுத்தில் கேட்பதும் உண்டு. சமயப் பணி, பொதுப் பணி என்று பிரித்த அந்தத் தீர்மானம் அப்போது கைகொடுக்கும்.

புகார் வந்தால்

பதிவை ரத்து செய்யக் காரணமாகும் மீறல்களில் இன்னொன்று, அறக்கட்டளையின் நோக்கங்களை நிறைவேற்றுவதற்கு முக்கியமான வேறொரு சட்டத்தை மீறியதாக ஆணை பிறப்பிக்கப்பட்டு, அது எதிர்க்கப்படாமலோ இறுதியாகியோ இருப்பது. வேலை மறுக்கப்பட்ட ஒருவரின் புகார், பள்ளித் தீர்ப்பாயத்தின் ஆணை, சாரிட்டி கமிஷனரின் உத்தரவு என்று எது வந்தாலும், சிறிய விஷயம் என்று பதில் போடாமல் விட்டால் அதுவே எதிர்க்கப்படாத ஆணையாக மாறிவிடக்கூடும். எந்தக் கடிதம் வந்தாலும் பெற்ற தேதியை அதன் மேலேயே எழுதி, மேல்முறையீட்டுக் கெடுவை வழக்கறிஞரிடம் அன்றே கேளுங்கள். பதிவு ரத்தானால் அதுவரை சேர்ந்த சொத்தின் நிகர மதிப்புக்கே 115டிடி பிரிவின்படி உச்ச விகிதத்தில் வரி விழும். மாட்டுங்காவில் சொந்தக் கட்டடம் வைத்திருக்கும் அறக்கட்டளைக்கு அது என்ன தொகையாக இருக்கும் என்பதைச் செயற்குழுவே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

ஒவ்வொரு பணியிடத்துக்கும் விளம்பரத்தின் நகல், வந்த விண்ணப்பங்கள், மதிப்பெண் தாள், தேர்வுக் குழுவின் கையெழுத்து, நியமன ஆணை ஆகிய ஐந்தையும் ஒரே கோப்பில் வைத்து, தேர்வாகாதவர்களின் விண்ணப்பங்களையும் சேர்த்து, வருமான வரிக் கணக்குப் புத்தகங்களைப் பாதுகாக்கும் காலம் வரை வைத்திருங்கள். 12ஏபி, 80ஜி புதுப்பிப்புக்கு விண்ணப்பிக்கும்போது கடந்த ஆண்டுகளின் செயல்பாட்டு விவரங்களை அதிகாரி கேட்பார். 5 கோடிக்குக் கீழ் வருமானமுள்ள அறக்கட்டளைகளுக்கு 2025 ஏப்ரல் முதல் 12ஏபி பதிவு 10 ஆண்டுக்குத் தரப்படுகிறது என்றாலும், 80ஜிக்குரிய காலக்கெடு அதோடு சேர்ந்து நீண்டுவிட்டதாக எண்ணிக்கொள்ளாமல், சான்றிதழில் அச்சாகியிருக்கும் முடிவுத் தேதியைப் பார்த்து, ஆறு மாதத்துக்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.